கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன்

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் நாட்களில் விக்கிரவாண்டி, ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். பழைய கார்களின் கிளட்ச் கைவிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நெரிசலில்தான். பெடல் அடிவரை அமிழும், கியர் விழாது. திண்டிவனத்தில் ஏதோ ஒரு ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனால், முதலில் காதில் விழுவது "கியர் பாக்ஸை இறக்கணும், கிளட்ச் செட் மாத்தணும்" என்பதுதான். சில சமயம் அது உண்மை. பல சமயம் கோளாறு வெளியே இருக்கும் சிலிண்டரோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். அதனால் காரின் சொந்தக்காரருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மாருதி 800, ஆல்டோவில் கிளட்சை இழுப்பது கேபிள். இன்னோவா, ஆக்சென்ட் போன்றவற்றில் அந்த வேலையை ஆயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய் வழியே கியர் பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், கிளட்சைப் பிரிக்கும். ஆயில் கசிந்தாலோ, உள்ளே காற்று புகுந்தாலோ காலின் பலம் கிளட்சுக்குப் போய்ச் சேராது.

கார் அசையாதபடி ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு சோதியுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் சுலபமாக விழுகிறது, ஓடும்போது விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது என்றால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. நாலைந்து முறை பெடலை வேகமாக மிதித்ததும் கியர் விழுந்தால், ஆயில் பாதையின் மேல்தான் முதல் சந்தேகம் வரவேண்டும். இதற்கு நேர்மாறானது இன்னொன்று: மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வேகம் கூடவில்லை. அது பெரும்பாலும் தேய்ந்த கிளட்ச் பிளேட். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும்.

அடுத்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா? பெடலுக்கு மேலே, தண்டு உள்ளே போகும் இடம் ஈரமா? ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை நனைந்திருக்கிறதா? எங்கும் கசிவில்லை, ஆனால் மிதித்தபடியே வைத்திருந்தால் பெடல் மெல்ல இறங்குகிறது, கியரில் நிற்கும் வண்டி தானாக நகரப் பார்க்கிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கலாம். சில மாடல்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸ் உறைக்குள்ளேயே இருக்கும். அதில் கசிவு என்றால் மெக்கானிக் இறக்கச் சொல்வது நியாயமே.

ஆயில் குறைந்தால் டப்பாவின் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா என்பதால் பிரேக்கும் சேர்ந்து போகும். இது உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் பெடலும் அமிழ்ந்தால் ஓட்டாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் இடது ஓரம் ஒதுங்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, 1033-ஐ அழையுங்கள்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறார் என்பதல்ல என் பேச்சு. உதிரிபாகமும் தகவலும் சிறிய ஷெட்டுகளுக்குக் கிடைக்காமல் கார் நிறுவனங்கள் செய்ததும் வாடிக்கையாளருக்குச் செய்த அநியாயம்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காகவே 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது.

காசு கொடுத்துச் செய்யும் பழுதுபார்ப்பு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் புகார் கொடுக்கலாம். வேலைக்கு முன்பே செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பேச்சில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னையில் பழுது பார்த்திருந்தாலும், திண்டிவனத்தில் குடியிருப்பவர் விழுப்புரத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், செலவுக் கணக்கு, கசிவின் படங்கள், கோளாறைப் பார்த்த வேறொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள்.