சுரக்குமிடமும் சேருமிடமும்

மண்ணில் அழுகும் கனிகளிடையே வாழும் ஓர் உருளைப்புழு உண்டு. அதன் அறிவியற்பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பதாகும். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். உடலோ கண்ணாடி போன்றது. உயிரோடு இருக்கும்போதே அதன் உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் காணலாம். இவ்வினத்தில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள். ஆண்புழுக்கள் மிகச் சிலவே.

உயிரணுக்கள் உண்டாக்கும் புரதங்களுள் சில அவ்வணுக்களுக்குள்ளேயே தங்கிவிடும். வேறு சில வெளியே சுரக்கப்பட்டு, தொலைவிலுள்ள உறுப்பைச் சென்றடையும். நிறமற்ற அப்புரதத்தைப் பின்தொடர்வது எவ்வாறு? இழுதுமீன் ஒன்றில் கண்டறியப்பட்ட பச்சை ஒளிர்புரதம் இதற்கு உதவியது. மார்ட்டின் சால்ஃபியும் அவர்தம் குழுவினரும் 1994இல் அதன் மரபணுவை இப்புழுவினுள் செலுத்தி, சில நரம்பணுக்கள் பச்சையாக ஒளிரக் கண்டனர். அம்மரபணுவை வேறொரு புரதத்தின் மரபணுவோடு இணைத்தால், நீல ஒளி படும்போது அப்புரதம் இருக்குமிடமெல்லாம் ஒளிரும். இரவில் விளக்கேந்திச் செல்பவரைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்வது போன்றது இது.

ஆயினும், விளக்கு இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே ஒளி காட்டும். எங்கே ஏற்றப்பட்டது என்பதைக் காட்டாது. 'எஸ்.டபிள்யூ.எம்-1' என்னும் புரதம் இதற்குத் தக்க சான்று. இப்புழுவின் விந்தணுவுக்கு வால் இல்லை. ஆண்புழுவின் விந்துப்பையில் அது உருண்டையாய், அசையாது காத்திருக்கும்; இணைபுழுவை அடைந்தபின்னரே கால்போன்ற நீட்சி பெற்று ஊர்ந்து செல்லும். காலத்திற்கு முன்பே அது விழித்தெழாமல் காப்பது இப்புரதமே. இது இல்லாத ஆண்புழுவில் விந்தணுக்கள் உள்ளேயே விழித்துக்கொள்கின்றன. அவை இணைபுழுவுக்குச் சரிவரச் சென்று சேர்வதில்லை. அதனால் மகப்பேறும் குன்றுகிறது.

விந்துப்பையில் பணிபுரியும் இப்புரதம் அங்கேதான் உண்டாகிறது என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. இனப்பெருக்க உறுப்போடு உடற்சுவரின் தசைகளும் இதனைச் சுரக்கின்றன. தசையில் பிறந்த புரதம் உடற்குழியின் நீர்மத்தில் கலந்து, பின்னர் விந்தணுக்கள் இருக்குமிடத்தை அடைகிறது. புழுவை நகர்த்தும் தசைக்கு விந்தணுவைக் காக்கும் கடமையும் உண்டு என்பது பலர் எதிர்பாராத செய்தி.

ஆய்வாளரை மயக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. உடற்குழியின் நீர்மத்தில் மிதந்துவரும் புரதங்களை வாரி விழுங்கும் துப்புரவு அணுக்கள் இப்புழுவில் உள்ளன. இருபாலுயிரியில் அவை 6, ஆண்புழுவில் 5. ஒளிரும் புரதம் நீர்மத்தில் சுரக்கப்பட்டால் அவையும் பளிச்சென ஒளிரும். அங்கே அப்புரதம் பிறக்கவும் இல்லை, பணிபுரியவும் இல்லை.