கல்விக்கு வரும் ஆயிரமும் நம் கடைப் பேரேடும்

எம்.ரெட்டியபட்டி வட்டார மளிகை வணிகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்த பிறகே பற்றுக் கணக்கு குறையும். பள்ளி திறப்பதோ ஜூன் மாதத்தில். கையிருப்பு வற்றி, கடையில் பாக்கி ஏறுகிற நேரம். பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு ஏழை வீடுகளில் எழுவதும் அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் நிபந்தனையோடு கூடிய அரசு உதவித்தொகை வேலை செய்கிறது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தமிழக அரசு திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு ரூ.5,000 என்பது ஏற்பாடு. பணம் கல்யாணத்துக்கு, படிப்பு அதற்கான தகுதி. 2022-இல் இது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு, படிப்பு முடியும் வரை மாதம் ரூ.1,000, அவருடைய வங்கிக் கணக்கிலேயே. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது.

வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்தின்போது மொத்தமாக வரும் தொகை நகைக்கும் விருந்துக்கும் போய்விடும். மாதந்தோறும் வருவது படிப்போடு கூடவே நடந்து வரும். மில் கூலிக்கு ஆயிரம் ரூபாய் ஈடாகாதுதான். ஆனால் நோட்டுக்கும் சாப்பாட்டுக்கும் தகப்பனாரிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்றால், ‘படிப்பு போதும்’ என்ற பேச்சுக்கு வீட்டில் வலு குறையும்.

மெக்சிகோ நாட்டில் 1997-இல் தொடங்கிய ‘புரோகிரேசா’ திட்டம் இதை அளந்தே காட்டியது. பிள்ளை 85 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்தால் தாயாரிடம் பணம். உதவி முதலில் கிடைத்த கிராமங்களையும் பின்னர் கிடைத்த கிராமங்களையும் ஒப்பிட்டபோது, ஆரம்பப் பள்ளி முடித்து நடுநிலைக்குப் போகும் கட்டத்தில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், சேர்க்கை நன்கு உயர்ந்திருந்தது. ஆனால் வருகை கூடியதாலேயே கற்கும் திறன் கூடிவிடவில்லை. அதற்கு நல்ல ஆசிரியரும் நல்ல பள்ளியும் வேண்டும். பணம் பிள்ளையை வாசல் வரை கொண்டுவந்து விடும், அவ்வளவே.

இதில் வணிகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. மாணவியின் பெயரில் வரும் பணத்தைத் தகப்பனார் பழைய பாக்கிக்கு நீட்டினால், வரவு வைக்காமல் வெள்ளாமை வரை பொறுப்போம். பள்ளி வயதுப் பிள்ளையைக் கடை வேலைக்கு வைக்க மாட்டோம் என்று உறுதி கொள்வோம். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தகுதி போய்விடும் என்பதையும், விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும் என்பதையும் கடைக்கு வருவோரிடம் எடுத்துச் சொல்வோம்.

ஒரு பாக்கி ஆறு மாதம் தள்ளி வந்தால் நம் கடை மூழ்கிவிடாது. ஓர் ஆண்டு நின்ற படிப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. படித்த பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால், அந்த வீட்டுக் கணக்கு நம் பேரேட்டில் பாக்கி இல்லாமல் ஓடும்.