அறுத்த சம்பங்கோரை ஏன் மறுபடி முளைக்கிறது?

குளக்கரையில் சம்பங்கோரையை மேலாக அறுத்துவிட்டால் சில வாரங்களிலேயே மறுபடி தழைத்துவிடும். ஏன்? அதன் உயிர் இலையில் இல்லை; சேற்றுக்குள் பக்கவாட்டில் படரும் கிழங்கில் இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் புதுத் தளிரை எழுப்புகிறது.

ஆனால் அந்தக் கிழங்குக்கும் மூச்சு வேண்டுமே! குளத்துச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். இலைக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் மேலிருந்து காற்று கீழே இறங்குகிறது. காய்ந்துபோன பழைய தாளும் இந்த வேலையைச் செய்யும். ஆகவே பச்சை, காய்ந்தது இரண்டையும் நீர்மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். வெட்டுவாய் நீரில் மூழ்கியே இருந்தால் கிழங்கு மூச்சுத்திணறி அழுகும். தண்ணீர் வற்றி வெட்டுவாய் வெளியே தெரிந்தால் உழைப்பு வீண். கதிர் முற்றும் முன் அறுப்பதே சரியான பருவம். அப்போது கிழங்கின் சேமிப்பு குறைந்திருக்கும். விட்டுவிட்டால், ஒரே கதிரிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் காற்றில் பறக்கலாம்.

அறுத்த தாளைக் கரையேற்றுங்கள். நீரிலேயே மக்கினால் அடுத்த களைக்கு அதுவே உரம். முழுக்க அழித்துவிடவும் வேண்டாம். கரை மண்ணைப் பிடித்துவைப்பதும், நீலத் தாழைக்கோழிக்குக் கூடுகட்ட இடம் தருவதும் இந்தக் கோரைதான். மடையும் படித்துறையும் திறந்திருந்தால் போதும்.