"டாலர் ஏறிடுச்சுக்கா..." எண்ணெய் முதல் தங்கம் வரை விலை எகிறுவது எப்படி? விழுப்புரம், திண்டிவனம் கடைவீதி கணக்கு

விழுப்புரம்,

விழுப்புரம் பாகர்ஷா வீதியாகட்டும், திண்டிவனம் நேரு வீதியாகட்டும், மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக்கடை வாசலில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும்.

"என்னண்ணே, போன மாசத்துக்கு எண்ணெய் பாக்கெட் ஏறியிருக்கு?"

"டாலர் ஏறிடுச்சுக்கா. நாங்க என்ன பண்றது?"

கேட்டவருக்கு தலையும் புரியாது, வாலும் புரியாது. நம்ம கையில் டாலர் கிடையாது. நாம அமெரிக்காவுக்கும் போகல. கூலி ரூபாயில் வாங்குறோம், சாமான் ரூபாயில் வாங்குறோம். அப்புறம் எங்கோ இருக்கும் டாலர் நம்ம வீட்டு வாணலியில் எப்படி கை வைக்கிறது?

கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. பாதி சாக்கு. எது உண்மை, எது சாக்கு என்று தெரிந்து கொண்டால் பர்சுக்கு நல்லது. அதன் விவரம் வருமாறு:-

ரூபாய் சறுக்கிய கதை

டாலரும் ஒரு சரக்குதான். மார்க்கெட்டில் தக்காளி வரத்து குறைந்தால் விலை ஏறுகிற மாதிரி, நாட்டுக்குள் டாலர் வரத்து குறைந்து தேவை கூடினால் டாலர் விலை ஏறும். ஏற்றுமதி செய்பவர்களும் வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் டாலரை கொண்டு வருகிறார்கள். பெட்ரோல், எண்ணெய், தங்கம் இறக்குமதி செய்பவர்கள் டாலரை கேட்கிறார்கள். 1993-ம் ஆண்டு மார்ச் முதல் இந்த விலையை சந்தைதான் முடிவு செய்கிறது. ரொம்ப எகிறினால் ரிசர்வ் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று கொஞ்சம் பிரேக் போடும்.

1966 ஜூன் 6-ந் தேதி, 4 ரூபாய் 76 காசாக இருந்த ஒரு டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. 1991 ஜூலையில் வெளிநாட்டுக்கு கட்ட டாலர் இல்லாமல், நாட்டின் தங்கத்தையே வெளியே அனுப்பி அடகு வைத்த நேரத்தில், ரூபாய் மதிப்பு மூன்று நாளுக்குள் இரண்டு தடவை குறைக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயை தாண்டியது. 2022-ல் 80-ஐ தாண்டியது. 2025 டிசம்பரில் முதல் முறையாக 90 ரூபாயையும் தாண்டியது.

எண்ணெய் பாக்கெட்டில் நேரடி அடி

நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டு சரக்கு. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் ரஷியா, உக்ரைனில் இருந்து வருகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து வருகிறது. கப்பலில் சென்னை, காக்கிநாடா, கிருஷ்ணபட்டினம் துறைமுகங்களில் இறங்கி, சுத்திகரித்து, பாக்கெட் போட்டு நம்ம கடைக்கு வருகிறது. இந்த சரக்குக்கு பணம் பெரும்பாலும் டாலரில்தான் கட்டுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டு பார்க்கலாம். ஒரு டன் பாமாயில் 1,100 டாலர் என்று வைத்துக் கொள்வோம். டாலர் 85 ரூபாயாக இருந்தால் ஒரு கிலோ 93 ரூபாய் 50 காசு. டாலர் 90 ஆனால் அதே கிலோ 99 ரூபாய். இந்தோனேசியாக்காரர் ஒரு பைசா கூட ஏற்றவில்லை. ஆனாலும் இங்கே 5 ரூபாய் 50 காசு ஏறி விட்டது.

அதோடு விடாது. இறக்குமதி வரியும் இந்த மதிப்பின் மேல் சதவீதக் கணக்கில்தான் விழுகிறது. சரக்கு மதிப்பு ஏறினால் வரியும் சேர்ந்து ஏறும். சுத்திகரிக்காத பாமாயிலுக்கு 2025 மே கடைசியில் நிர்ணயித்த 16.5 சதவீத வரியை சேர்த்தால், சுமார் 910 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 6 ரூபாய் கூடும். மாதம் 4 லிட்டர் வாங்கும் வீட்டுக்கு 24 ரூபாய். எண்ணெய் ஒன்றுக்கு மட்டும்! பஜ்ஜி, வடை போடும் டீக்கடைக்காரர் மாதம் எத்தனை டின் வாங்குவார்? வடை சின்னதாகிப் போன ரகசியம் இப்போது புரிகிறதா?

ஆனால் எல்லா பழியையும் டாலர் மேல் போடவும் முடியாது. 2022-ல் எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியதற்கு உக்ரைன் போரும், அந்த ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்கு போட்ட தடையும் பெரிய காரணங்கள். 2024 செப்டம்பரில் விலை ஏறியதற்கு, மத்திய அரசு இறக்குமதி வரியை 5.5-ல் இருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது காரணம்.

நகைக்கடை பலகையில் டாலர்

கல்யாணத்துக்கு நகை சேர்ப்பவர்கள் காலையில் எழுந்ததும் சவரன் விலை பார்க்கிறார்கள். அந்த விலைக்குள் டாலர் ஒளிந்திருக்கிறது. உலக சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், இவ்வளவு டாலர் என்றுதான் பேசுவார்கள். அதை ரூபாயாக மாற்றி, இறக்குமதி வரி சேர்த்துதான் நம்ம ஊர் விலை வருகிறது.

ஒரு அவுன்ஸ் 3 ஆயிரம் டாலரில் அப்படியே நிற்கிறது என்று வைத்துக் கொண்டால், டாலர் ஒரு ரூபாய் ஏறினாலே 22 காரட் சவரனுக்கு சுமார் 750 ரூபாய் கூடும். 5 ரூபாய் ஏறினால் சுமார் 3,750 ரூபாய். செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்கு மேல்.

2013-ல் உலக சந்தையில் தங்கம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஆனால் நம்ம ஊர் நகைக்கடையில் அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. அதே ஆண்டு ரூபாயும் விழுந்தது, தங்கத்துக்கான இறக்குமதி வரியும் 10 சதவீதமாக உயர்ந்தது. வெளியே இறங்கிய விலையை உள்ளே இவை இரண்டும் சாப்பிட்டு விட்டன. நேர்மாறாக, 2024 ஜூலை பட்ஜெட்டில் வரியை 15-ல் இருந்து 6 சதவீதமாக குறைத்த அன்று சவரனுக்கு ரூ.2 ஆயிரத்துக்கு மேல் இறங்கியது.

பருப்பு, செல்போன்

துவரம் பருப்பு மொசாம்பிக், தான்சானியா, மியான்மரில் இருந்தும் வருகிறது. ரேஷனில் துவரம் பருப்புக்கு பதில் கனடா மஞ்சள் பருப்பு போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். விளைச்சல் குறைந்த ஆண்டில் டாலரும் ஏறினால் சாம்பாரில் பருப்பை தேட வேண்டியதுதான்.

செல்போனை பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலேயே பூட்டுகிறார்கள். ஆனாலும் உள்ளே இருக்கும் சிப், டிஸ்பிளே போன்ற பல பாகங்கள் வெளிநாட்டு சரக்கு. டி.வி.யின் திரைக்கும் இதே கதைதான். பழைய ஸ்டாக் தீரும் வரை பழைய விலை. அடுத்த லோடு வந்தால் புது விலை.

ஏறும்போது லிப்ட், இறங்கும்போது மாடிப்படி

பொதுமக்கள் கேட்கும் முக்கியமான கேள்வி இதுதான். "ஏறுனா உடனே ஏத்துறாங்க. இறங்குனா ஏன் இறக்க மாட்டேங்கிறாங்க?"

நியாயமான கேள்வி. பெட்ரோல் பங்க்கே சாட்சி. 2022 ஜூனில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது. அப்போது டாலர் 78 ரூபாய் அளவில் இருந்தது. ஆக ஒரு பீப்பாய் ரூ.8,500-க்கு மேல். 2025 கடைசியில் டாலர் 90 ரூபாய் ஆனது. ஆனால் கச்சா எண்ணெய் 65 டாலருக்கு கீழே வந்து விட்டது. ஒரு பீப்பாய் ரூ.5,900 கூட இல்லை. ரூபாய் விழுந்த பிறகும் நாட்டுக்கு கச்சா எண்ணெய் மலிவாகத்தான் கிடைத்தது.

பங்க்கில் என்ன நடந்தது? 2022 மே மாதம் மத்திய அரசு வரியை குறைத்த பிறகு, 2025 கடைசி வரை அங்கே வந்த பெரிய குறைப்பு ஒன்றே ஒன்று. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய். விலை உச்சத்தில் இருந்தபோது எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்தை தாங்கின என்பதும் உண்மை. ஆனால் அதன் பிறகு கிடைத்த லாபத்தில் ஜனங்களுக்கு வந்த பங்கு அந்த 2 ரூபாய்தான்.

திண்டிவனம் ஊருக்குள் வரும் காய்கறி லாரி, விழுப்புரத்துக்கு வரும் அரிசி லாரி எல்லாம் டீசலில்தான் ஓடுகின்றன. டீசல் ஏறினால் அதை சொல்லி வாடகை ஏறும். வாடகை ஏறினால் கத்தரிக்காய் ஏறும். ஏறிய வாடகை மட்டும் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

டாலருக்கு சம்பந்தமே இல்லாதவை

வெங்காயம், தக்காளி, கீரை, முட்டை, பால், நம்ம வயலில் விளைந்த பொன்னி அரிசி. இவை ஏறினால் மழை, வரத்து, தீவனம், லாரி வாடகை என்று வேறு காரணம் இருக்கும். தக்காளிக்கு யாராவது "டாலர் ஏறிடுச்சு" என்று சொன்னால், சிரித்துக் கொண்டே அடுத்த கடைக்கு நகரலாம்.

ரூபாய் விழுந்தால் யாருக்கு லாபம்?

விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்து கிராமங்களில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு போய் உழைப்பவர்கள் ஏராளம். துபாய் திர்ஹமும் சவுதி ரியாலும் டாலரோடு கட்டிப் போட்ட பணம். ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம், 3.75 ரியால் என்று பல ஆண்டுகளாக மாறாத கணக்கு. அதனால் டாலர் ஏறினால் இவையும் தானாக ஏறும். ஆயிரம் ரியால் அனுப்பினால், டாலர் 85-ல் ரூ.22,667 கிடைத்த இடத்தில் 90-ல் ரூ.24,000 கிடைக்கும். சிங்கப்பூர் டாலரும் மலேசிய ரிங்கிட்டும் அப்படி கட்டிப் போட்டவை அல்ல. அவற்றின் கணக்கு தனி. புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு யூரோ கணக்கு.

இங்கேயே இருப்பவர்களில் ஒருவருக்கும் லாபம் உண்டு. அவர் மல்லாட்டை விவசாயி.

திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உறவு பழையது. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.எம்.வி. ரகங்கள் பல மாநிலங்களில் விளைந்தன. அந்த டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தை குறிப்பதுதான். ஆனால் 1994-ல் பாமாயில் இறக்குமதிக்கு மத்திய அரசு கதவை திறந்து விட்டது. அப்போது 65 சதவீதமாக இருந்த வரி 1998-ல் 15 சதவீதமாக இறங்கியது. மலிவு பாமாயில் வந்து குவிந்ததும், கடலை எண்ணெய் மணந்த பல வீடுகளில் பாமாயில் பாக்கெட் வந்து உட்கார்ந்து கொண்டது. மல்லாட்டை போட்டவருக்கு விலை கிடைக்கவில்லை.

ரூபாய் விழுவதும் ஒரு வகையில் இறக்குமதி வரி மாதிரிதான். வெளிநாட்டு எண்ணெய் விலை ஏறினால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையோடு வரும் விவசாயிக்கு நாலு காசு கூட கிடைக்க வாய்ப்பு உண்டு. வாங்குபவருக்கு வலி, விளைவிப்பவருக்கு மருந்து. வரியை அரசு ஏற்றுவதும் இறக்குவதும் இந்த இருவருக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான். ஆனால் அதே விவசாயி போடும் பொட்டாஷ் உரம் வெளிநாட்டு சரக்கு என்பதால், ஒரு கையில் வந்தது மறுகையில் போகும்.

இலங்கை சொல்லும் பாடம்

ரூபாய் மெதுவாக விழுந்தால் சமாளிக்கலாம். மளமளவென விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து நாடே உதாரணம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர், இரண்டே மாதத்தில் இலங்கையில் 360 ரூபாயை எட்டியது. கையில் டாலர் இல்லாமல் பெட்ரோல், மருந்து, பால் பவுடர் வாங்க முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. பசி தாங்காமல் படகு ஏறி தனுஷ்கோடிக்கு குழந்தைகளோடு வந்தவர்களை நாம் பார்த்தோம்.

நாம் என்ன செய்யலாம்?

டாலரை நம்மால் இறக்க முடியாது. ஆனால் ஏமாறாமல் இருக்க முடியும்.

ரேஷன் பாமாயில், துவரம் பருப்பை விடாதீர்கள். 2007-ல் தொடங்கிய இந்த சிறப்பு திட்டத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும், பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் தருகிறார்கள். டாலர் ஏறினால் அந்த கூடுதல் செலவு அரசு தலையில் விழுகிறது, உங்கள் தலையில் அல்ல.

பாக்கெட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள், எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் மாதிரியே தெரியும் பாக்கெட்டில் அளவு குறைவாக இருக்கலாம். ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்து இரண்டு பாக்கெட்டை ஒப்பிட்டால் எது மலிவு என்று நொடியில் தெரிந்து விடும்.

டாலர் ஏறிய செய்தி வந்த மறுநாளே விலை ஏற்றினால், "இது பழைய ஸ்டாக்குதானேண்ணே?" என்று கேளுங்கள். பாக்கெட்டில் பேக் செய்த மாதம் இருக்கும்.

முக்கியமாக, டாலரோ இறக்குமதி வரியோ இறங்கினால் அந்த தேதியை மனதில் வையுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து கடையில் இப்படி கேளுங்கள். "அண்ணே, டாலர் இறங்கிடுச்சாமே... பாக்கெட் எப்போ இறங்கும்?"