கரண்டு கம்பத்தைப் பிடித்த அவரைக்கொடி!

தர்மபுரி:

ஆடியில் விதை போட்டார்கள். புரட்டாசியில் அவரைக்கொடி கரண்டு கம்பத்தில் ஏறி நின்றது!

இது நடந்தது வேறு எங்கும் அல்ல. போன வருஷம், இந்த நிருபரின் வீட்டில்தான்.

தர்மபுரிப் பக்கம் ஆடி பிறந்தால் அவரை விதை ஊன்றுகிற வீடுகள் நிறைய. கொல்லை இல்லாதவர்கள்கூட வாசல் ஓரம் ஒரு குழி தோண்டி இரண்டு விதை போட்டுவிடுவார்கள். தையில் காய் பறிக்கலாம். பொங்கலுக்குக் காய்கறிக் கடையில் பேரம் பேச வேண்டாம்.

ஆனால் பந்தல்? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதை.

கொடி காத்திருக்குமா? ஒரு முழம் வளர்ந்ததும் அதன் நுனி வட்டம் போட்டுத் தேட ஆரம்பித்துவிடும். கையில் பட்டதைச் சுற்றிக்கொள்ளும். பக்கத்து வீட்டுச் சுவரா, துணி காயப்போடும் கயிறா என்று பார்க்காது. எங்கள் கொடிக்குக் கிடைத்தது மின் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி!

"தொடாதே கண்ணு!"

அன்று காலை தூறல். "டேய், கொடி கரண்டு கம்பத்துக்குப் போயிருச்சுடா" என்று அம்மா கத்தினார். ஓடிப்போய் இழுக்கக் கை நீட்டினேன்.

எதிர்வீட்டுப் பாட்டி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "தொடாதே கண்ணு! பச்சைக் கொடி, ஈரம் வேற. கரண்டு பாஞ்சிரும்!"

பாட்டி சொன்னது சரி. ஸ்டே கம்பியில் சாதாரணமாக மின்சாரம் இருக்காது. ஆனால் மேலே ஒரு ஒயர் அறுந்து அதன்மேல் விழுந்தாலோ, பீங்கான் உடைந்து கசிந்தாலோ கம்பி முழுவதும் மின்சாரம் வரும். சாறு நிறைந்த கொடி, மழையில் நனைந்த கொடி, அதைக் கீழே வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

மின் கம்பத்தைப் பந்தலாகப் பயன்படுத்தாதீர்கள், அதில் ஆடு மாடு கட்டாதீர்கள், கயிறு கட்டித் துணி போடாதீர்கள் என்று மின்வாரியம் மழைக்காலம்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

கொடி ஏறிவிட்டால் நீங்கள் வெட்டக்கூடாது. மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொன்னால் போதும். எங்கள் தெருவுக்கு லைன்மேன் வந்தார். மின்சாரத்தை நிறுத்தினார். கொடியை வெட்டிப் போட்டார். பூ வைக்க இருந்த கொடி! அம்மா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

முதலில் பந்தக்கால்

முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்தவர் பாரி. நம் ஊர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தவர். நாம் நாலு மூங்கில் கொடுத்தால் போதும். ஆனால் விதைக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

கம்பத்துக்கும் ஒயருக்கும் நன்றாகத் தள்ளி இடம் பாருங்கள். நாலு மூலையிலும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கால் நட்டு, ஆள் உயரத்துக்குப் பந்தல் போடுங்கள். குச்சி குச்சியாக நட்டால் ஐப்பசிக் காற்றில் சாய்ந்துவிடும். இலையும் காயும் மழையில் நனைந்தால் பாரம் கொஞ்சமா?

அப்புறம்தான் விதை. குழியில் மக்கிய சாணி எருவைப் போட்டு, ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதை. எருவை அள்ளிக் கொட்டாதீர்கள், இலைதான் மிஞ்சும். முளைத்ததும் பந்தல் வரை ஒரு சணல் கயிறு கட்டி ஏற்றுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். காய் பிடிப்பது அதில்தான்.

தண்ணீருக்கு ஒகேனக்கல் குடத்தில் கை வைக்க வேண்டாம். அரிசி கழுவின தண்ணி போதும்.

பழைய நாட்டு ரகம் பொழுது குறுகினால்தான் பூக்கும். தையில் விதை போட்டுவிட்டு "பூவே காணோம்" என்று புலம்பினால் கொடி என்ன செய்யும்? ஆடியை விட்டவர்கள் செடி அவரை போடலாம். அதற்குப் பந்தலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

பூ வரும்போது அசுவினி கருப்பாக அப்பும். எறும்பு வரிசை கண்டாலே உஷார்! காலை ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவுவது பாட்டி வழி. கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? வேப்ப எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கலாம்.

இந்தத் தடவை எங்கள் வீட்டில் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கம்பத்துக்கு எதிர் மூலையில். விதை டப்பா இன்னும் அம்மா கையில்தான் இருக்கிறது. பந்தலைத் தானே ஆட்டிப் பார்த்த பிறகுதான் தருவாராம்.