கைபேசி ஆய்வு: செலவும் செம்மையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். மாதிரி ஆய்வின் அடிப்படையும் இதுவே. ஆயினும் மேலாக எடுத்த பருக்கை, அடியில் உள்ளதன் பதத்தைக் காட்டுமா?

மக்களின் தொழில், வருவாய், உடல்நலம் ஆகியவற்றை அறிய இந்நாளில் கைபேசி பெரிதும் பயன்படுகிறது. வீடுதேடிச் செல்லும் ஆய்வாளருக்குப் பயணச் செலவும் பல நாள் ஊதியமும் வேண்டும். கைபேசியில் வினவுபவரோ, ஓரிடத்தில் அமர்ந்தே பல ஊராரிடம் பேசிவிடுகிறார். செலவு குறைகிறது, ஐயமில்லை. செம்மை குறைகிறதா என்பதே கேள்வி.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் தமக்கெனப் பயன்படுத்தும் கைபேசி உடையோர் நூற்றுக்கு 54 பேரே. ஏனையோரின் குரல் கைபேசி ஆய்வில் எளிதில் ஒலிப்பதில்லை.

மேலும் பலரைக் கேட்டால் இக்குறை நீங்காதோ எனலாம். நீங்காது. 1936இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் பத்திரிகை, தொலைபேசிப் பட்டியல், மோட்டார் வண்டிப் பதிவேடு முதலியவற்றைக் கொண்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பிற்று. இருபது லட்சத்திற்கு மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்றது பத்திரிகை; 48 மாநிலங்களில் 46ஐ வென்றவர் ரூஸ்வெல்ட். பட்டியலில் இருந்தோரும் விடையளித்தோரும் நாடு முழுமைக்கும் மாதிரி ஆகவில்லை. தற்செயலாய் நேரும் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு மக்களை வினவினால் போதும். விடுபட்டோரால் நேரும் பிழையோ எத்தனை மடங்கு கூட்டினும் அப்படியே நிற்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது அயல் செய்தியன்று. தமிழ்நாட்டில் பெற்ற எண்ணையே மும்பையிலும் தில்லியிலும் வைத்திருப்போர் நம்மிடையே பலர். எண்ணை மட்டும் நம்பும் ஆய்வு அவர்களைத் தமிழ்நாட்டில் வாழ்வோராகக் கருதிவிடும். அவர்கள் வாழும் நகரின் குடிநீர், பள்ளி, கூலி பற்றிய கணக்கில் அவர்கள் இரார். இந்தியில் மட்டும் வினவினால், அம்மொழி அறியாத மூதாட்டி விடை கூறாமலே கைபேசியை வைத்துவிடுவார்.

ஆதலின், மிச்சமான பணம் முழுவதும் இலாபமன்று. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, எடுக்காதவரை வேறு வேளையில் மீண்டும் அழைத்தல் வேண்டும். அவரவர் மொழியில் வினவுதல் வேண்டும். கைபேசி இல்லாதோரில் சிலரையேனும் நேரில் காணல் வேண்டும்.

நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மெய்யான ஆய்வெனத் தெளிந்தால், இப்போது வாழும் ஊரைத் தவறாது கூறுங்கள். ஆனால் வங்கிக் கணக்கு விவரமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்டால் உடனே பேச்சை நிறுத்துங்கள். ஆய்வுக்கு அவை வேண்டுவதில்லை.