மலைநாட்டு விருந்து - 9: ஆட மறந்த கூத்தர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சென்ற வாரமே உங்களைச் செம்மேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அந்த வளைவுகளில் பட்ட பாட்டை மறுபடியும் பாட வேண்டியதில்லை. கொல்லிமலைச் சாமையைப் பற்றியும் சோளக்காட்டுச் சந்தையைப் பற்றியும் இந்த இதழில் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்தச் சாமைக்குப் பழம்பாட்டில் ஓர் ஆதாரம் கிடைக்குமா என்று புறநானூற்றைப் புரட்டப்போய் 153-ஆம் பாட்டில் அகப்பட்டுக்கொண்டேன். ஆசிரியர் அனுப்பிய ஆள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கும் இந்த வேளையிலும் அதைவிட்டு வெளியே வர மனமில்லை.

வன்பரணர் பாடிய பாட்டு அது. கொல்லிமலைக்கு உரியவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவனுமான வல்வில் ஓரியின் கொடையைக் காணவேண்டுமென்று புலவருடைய சுற்றத்தாராகிய கூத்தர் கூட்டம் புறப்பட்டுச் செல்கிறது. குளத்து நீரில் பூக்காத குவளைகளை, அதாவது மணிகள் இழைத்துச் செய்த பொற்குவளைகளை, வெள்ளி நாரில் தொடுத்த மாலையும், வேறு அணிகலன்களும், அவற்றோடு யானைகளும் அவர்களுக்குப் பரிசிலாகக் கிடைக்கின்றன. இதுவரைக்கும் சம்பிரதாயமான பரிசில் கதைதான். சங்கப் பாடல்களில் யானை பெறாத பாணன் அகப்படுவதுதான் அபூர்வம். விசேஷம் பாட்டின் கடைசியில் இருக்கிறது. வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியங்கள் முழங்கிக்கொண்டேயிருக்க, அந்தக் கூத்தர் ஆடவுமில்லை, பாடவுமில்லை, பாட்டையே மறந்துவிட்டார்கள். என்ன காரணமாயிருக்கும் என்று தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் புலவருக்குத் தோன்றுகிற ஒரே காரணம், அவர்களுக்கு இப்போது பசியில்லை என்பதுதான்!

இதை ஓரியின் கொடைக்குச் சொன்ன புகழ்மொழி என்று கொண்டு மேலே செல்வதே உரைகாரர் வழக்கம். எனக்கோ அவ்வளவு எளிதில் மேலே செல்ல முடியவில்லை. தங்கமும் யானையும் பெற்றவர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள் என்று எழுதியிருந்தால் உலக வழக்கோடு ஒத்திருக்கும். அப்படி எழுதாமல், கலைஞன் வாய் மூடிப் போகும் அளவுக்கு அவன் வயிற்றை நிரப்பியதே கொடையின் உச்சி என்று, தாமும் பாடிப் பரிசில் பெறும் வாழ்க்கையில் இருந்த ஒருவரே கண்டு சொன்னாரே, அந்த நேர்மைதான் என்னை இந்த வாரம் முழுவதும் ஆட்டிவைத்தது. மார்கழி மாதத்துச் சென்னைச் சபாக்களில் கச்சேரியை மறந்து சிற்றுண்டிச் சாலையில் தங்கிவிடும் ரஸிகர்களை நாம் பரிகாசம் செய்கிறோம். வித்துவானே தங்கிவிட்டால் எப்படியிருக்கும்! அப்படி ஒரு விருந்தை நடத்தும் சபா இருந்தால் சந்தா கட்ட முதல் ஆளாக நிற்பேன்.

இதற்கு முந்திய பாட்டும் இதே புலவருடையதுதான். யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று வரிசையாக உருவிச் சென்று புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்த ஓரியின் அம்புக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆனால் அம்புக்குப் பிறகு நடந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இன்னாரென்று தெரியாமலே, வேடனாக நின்ற அவன் முன் பாணரும் விறலியரும் பாடுகிறார்கள்; பாட்டில் அரசனைக் குறிக்கும் சொல் வந்ததும் அவன் நாணித் தலைகுனிகிறான்; பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும், உருக்கிய பசுநெய் போன்ற மதுவையும், தன் மலையிலே கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுக்கிறான்.

என்னுடன் மலையேறிய நண்பர் ஒருவர் தேவாரப் பித்தர். திருவதிகையில் சூலை நோய் தீர வேண்டி அப்பர் பாடிய முதற்பதிகம் கொல்லி என்னும் பண்ணில் அமைந்திருப்பதையும், ஓதுவார்கள் அதை இப்போது நவரோஜ் ராகத்தில் பாடுவதையும் வழியெல்லாம் விஸ்தரித்து, அறப்பளீசுவரர் சந்நிதியில் நின்று அதைப் பாடியே தீருவதென்று சங்கல்பம் செய்துகொண்டுதான் வந்தார். நண்பகலில் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தார் ஒருவர் எங்களைத் தடுத்து நிறுத்திச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இட்டு, பலாச்சுளைகளையும் கொண்டுவந்து வைத்தார். சுளைக்கு முடிவில்லை, நண்பருக்கும் முடிவில்லை. சந்நிதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தியாகிவிட்டது. அவர் தூண் ஒன்றில் சாய்ந்தார், அவ்வளவுதான். வயிற்று நோய்க்காகப் பாடிய பதிகம் வயிறு நிறைந்த காரணத்தால் அன்று பாடப்படாமலே போயிற்று.

பலாவென்றதும் அகநானூற்று 209-ஆம் பாட்டையும் சொல்லிவிட வேண்டியதாகிறது. ஓரியை முள்ளூர் மன்னனாகிய காரி கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான் என்ற சரித்திரச் செய்தியை நமக்குச் சொல்லிவைத்தவர் கல்லாடனார். அது போர்ப்பாட்டும் அன்று, புகழ்ப்பாட்டும் அன்று. பிரிந்து போன தலைவன் தலைவியை மறக்கமாட்டான் என்று சொல்ல வந்த பாட்டு. தெய்வம் இயற்றிய கொல்லிப்பாவையைத் தலைவியின் அழகுக்கு ஒப்புச் சொல்லவே புலவர் அந்த மலைக்குப் போகிறார். போகிற வழியில் ஒரு வள்ளலின் மரணமும், ஒரு நாட்டின் கைமாற்றமும் இரண்டொரு வரியில் முடிந்துவிடுகின்றன. ஆயினும் அந்த அவசரத்திலும் கொல்லி என்ற பெயருக்கு முன்னே, சிவந்த வேர்களையுடைய பலாமரங்களின் பயன் மிகுந்தது என்று ஓர் அடைமொழியைப் பொருத்தாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. இறந்தவன் பெயரும் கொன்றவன் பெயரும் ஒரு பக்கம் இருக்க, பழமும் தன் இடத்தை வாங்கிக்கொண்டது. ஆடிப் பதினெட்டை ஒட்டி இங்கே அரசாங்கம் நடத்தும் வல்வில் ஓரி விழாவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். பலாவுக்கும் ஒரு பந்தல் போட்டால் கல்லாடனாருக்குச் செய்த மரியாதையாக இருக்கும்.

முடவாட்டுக்கால் சூப்பைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. பழுப்பு நிற மயிர் மூடி, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, மலைக் கடைகளில் சுடச்சுடத் தருகிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதென்று விற்பவர் சொல்வார். எனக்கு அதன் மிளகுக் காரமே போதும்.

சாமை இந்த வாரமும் நின்றுபோயிற்று. அதன் உமியை நீக்க மலைப் பெண்கள் உரலோடு பட்ட சிரமம், மரவள்ளி வந்து சிறுதானியக் கொல்லைகளைப் பிடித்துக்கொண்ட விதம், சந்தையில் அன்னாசிக்கு நடக்கும் பேரம் ஆகியவை அடுத்த இதழில். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருப்பதால், அது அதற்கும் அடுத்த வாரம். திண்ணையில் இருமல் ஓய்ந்து, கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது.